செவிப்பறை அசைந்ததா?

முதலில் டீயைக் குடியுங்கள், ஆறிவிடும். நீங்கள் கொண்டுவந்த காகிதத்தைப் பார்த்துவிட்டேன். இன்றைக்கே ஓடிப்போய் ஏதாவது செய்தாக வேண்டும் என்கிற அவசரம் அதில் இல்லை. மடித்து அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோகிற விஷயமும் இல்லை. குழந்தைகளின் நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும்போது பெற்றோரை அதிகம் அலைக்கழிப்பது இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான்.

பையனுக்கு ஐந்து வயது, யூகேஜி. டைரியில் மிஸ் 'சொல்வதைக் கவனிப்பதில்லை' என்று எழுதி அனுப்பியிருக்கிறார். ஒரு டாக்டர் காதைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அடுத்தவர் ஆன்டிபயாட்டிக் எழுதினார். மூன்றாவது இடத்தில் இந்தப் படத்தை எடுத்துக் கொடுத்து, ஆபரேஷன் தேவைப்படலாம் என்றார்கள். யார் சொல்வதை நம்புவது என்று கேட்கிறீர்கள். மூன்று பேரிடமும் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "செவிப்பறை அசையுதான்னு பார்த்தீங்களா?" இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த நீர் குளிக்கும்போது உள்ளே போனது இல்லை. உங்கள் மாமியார் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார், அதனால்தான் தலைக்கு ஊற்றவே பயப்படுகிறார். வெளிக்காதின் துவாரம் உள்ளே போய் ஒரு சவ்வில் முடிகிறது. அதுதான் செவிப்பறை. குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதில் ஓட்டை இல்லாதவரை வெளியிலிருந்து ஒரு சொட்டும் உள்ளே போகாது. பறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறை நடுக்காது. அங்கே காற்றுதான் இருக்க வேண்டும். அந்தக் காற்று மூக்கின் பின்புறத்திலிருந்து ஒரு குழாய் வழியாகப் போகிறது. அதை யூஸ்டேஷியன் குழாய் என்பார்கள். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்தில் இருக்கும் ஒரு சின்னத் தசை இழுத்து அதைத் திறந்துவிடும். மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது அடைத்து, பிறகு 'டக்' என்று விடுகிறதே, அது இந்தக் குழாய் திறப்பதுதான்.

பெரியவர்களுக்கு இந்தக் குழாய் ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் நீளம், சரிவாகக் கீழே இறங்கும். கைக்குழந்தைக்கு அதில் பாதிதான் நீளம், கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் இருக்கும், திறக்கிற தசையும் இன்னும் தேறியிருக்காது. சளி பிடித்தாலோ, அலர்ஜியில் மூக்கின் உட்பக்கம் வீங்கினாலோ, குழாயின் வாய்க்குப் பக்கத்தில் அடினாய்டு சதை வளர்ந்திருந்தாலோ, வேலை கெட்டுவிடுகிறது. நடுக்காதின் உட்தோல் அழற்சி கண்டு நீர் சுரக்கிறது. அது வடிந்து போக வழியில்லாமல் தேங்குகிறது. முதலில் தண்ணீர் போல இருக்கும். நாள்பட்டால் பசை போலக் கெட்டியாகிவிடும். காதுவலியும் காய்ச்சலுமாக ஒரு தடவை வந்து போன பிறகு, மிச்சமாக இந்த நீர் தங்கிவிடுவதும் உண்டு.

இது எவ்வளவு சாதாரணம் என்று தெரிந்தால் உங்களுக்குப் பாதி பயம் போய்விடும். பள்ளிக்கூட வயது வருவதற்குள் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 90 பேருக்கு ஒரு தடவையாவது இது வந்து போயிருக்கும் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் 2016இல் புதுப்பித்து வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. பெரும்பாலான வீடுகளில் யாருக்கும் தெரியாமலே வந்து, தெரியாமலே போய்விடுகிறது.

தெரியாமல் போவதற்குக் காரணம், இது வலிக்காது. காய்ச்சல் வராது. சீழ் வடியாது. குழந்தை ராத்திரி எழுந்து அழாது. நடப்பதெல்லாம் ஒன்றுதான், சத்தம் குறைகிறது. கிணற்றில் முங்கியிருக்கும்போது கரையில் நிற்பவர் கூப்பிட்டால் எப்படிக் கேட்கும்? ஏதோ சத்தம் வருகிறது என்று தெரியும், என்ன சொல்கிறார் என்று பிடிபடாது. காற்றில் வரும் ஒலி நீரின்மேல் பட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே நுழையும், மீதி திரும்பிவிடும். இந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் நடுக்காது இருக்கிறது. செவிப்பறையின் பரப்பு, உள்காதின் வாசலில் உட்கார்ந்திருக்கும் குட்டி எலும்பின் அடிப்பரப்பைவிட ஏறக்குறைய 17 மடங்கு பெரியது. பெரிய பரப்பில் வாங்கிய அசைவைச் சிறிய பரப்பில் குவித்து உள்ளே தள்ளுகிறது. அந்த அறையில் காற்றுக்குப் பதில் நீர் நிறைந்தால் பறையும் எலும்புகளும் லேசாக ஆட முடியாமல் கனத்துப்போகின்றன.

எவ்வளவு குறையும் என்றால், நீர் கோத்த காதுகளின் கேட்கும் அளவு சராசரியாக 25 முதல் 28 டெசிபல் வரை இருக்கும். 20க்குள் இருந்தால் சரி என்று வைத்துக்கொள்ளலாம். சில குழந்தைகளுக்கு நீர் இருந்தும் ஒன்றுமே குறையாது. சிலருக்கு 50ஐத் தொடும். அதாவது உங்கள் பையன் செவிடு இல்லை. கதவைத் தட்டினால் திரும்புவான், டிவியில் அவனுக்குப் பிடித்த பாட்டு வந்தால் ஓடிவருவான். "சாக்லேட்டுன்னா மட்டும் கேக்குது, படிக்கக் கூப்பிட்டா கேக்கல" என்று நீங்கள் சொன்னீர்களே, அதைத்தான் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சாக்லேட் என்று சொல்லும்போது முகத்துக்கு நேரே சொல்கிறீர்கள், கையில் காட்டவும் செய்கிறீர்கள். படிக்கக் கூப்பிடும்போது அடுப்படியிலிருந்து, குக்கர் சத்தத்துக்கு நடுவே கூப்பிடுகிறீர்கள். அவன் அலட்சியம் செய்கிறான் என்று அடித்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால், இந்த நோயில் குழந்தைகளுக்கு நடக்கும் மிகப் பெரிய அநியாயம் அதுதான்.

வகுப்பில் நிலைமை இன்னும் மோசம். 40 பிள்ளைகள், மேலே மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே ரோடு. மிஸ்ஸின் குரல் கடைசி பெஞ்சுக்குப் போவதற்குள் தேய்ந்துவிடும். தமிழில் 'வீட்டை', 'வீட்டுக்கு', 'வீட்டில்' என்று வித்தியாசம் காட்டும் பகுதி சொல்லின் வாலில் இருக்கிறது, நாமும் அதை விழுங்கித்தான் பேசுகிறோம். முதலில் நழுவுவது அந்த வால்தான். பேச்சு இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று வயதில் இப்படி மாதக்கணக்கில் மங்கலாகக் கேட்டால், சில குழந்தைகளுக்குப் பேச்சு தாமதமாகலாம். கேட்பதோடு உடலின் சமநிலையும் கொஞ்சம் கெடலாம். அடிக்கடி தடுக்கி விழுகிற குழந்தையைப் பார்த்தால் நான் கண்ணோடு காதையும் சேர்த்து யோசிப்பேன்.

கண்டுபிடிப்பது கேள்விகளில் தொடங்குகிறது. எப்போதிலிருந்து டிவி சத்தத்தைக் கூட்டுகிறான்? 'என்னது, என்னது' என்று எத்தனை தடவை கேட்கிறான்? வாயைத் திறந்து தூங்குகிறானா, குறட்டை விடுகிறானா? கடைசியாகச் சளி பிடித்தது எப்போது? காதைப் பிடித்து இழுக்கிறானா? அதோடு அவனுக்குப் பால்குடி வயதில் பாட்டிலைப் படுக்க வைத்தபடியே கொடுத்தீர்களா, வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா என்பதையும் கேட்பேன். இரண்டும் காதுக்கு ஆகாதவை. இந்தப் பதில்களை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. பெற்றோர் நன்றாகக் கேட்கிறது என்று உறுதியாகச் சொன்ன குழந்தைக்குக் காது நிறைய நீர் இருந்திருக்கிறது, தலைகீழாகவும் நடந்திருக்கிறது. ஆனால் 'எப்போதிலிருந்து' என்ற ஒரு பதில் பின்னால் ரொம்ப முக்கியமாகப் போகிறது. அதற்கு வருகிறேன்.

அடுத்தது காதைப் பார்ப்பது. குறும்பி அடைத்திருந்தால் முதலில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்த்தேன் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. ஓட்டோஸ்கோப் வழியாகப் பார்த்தால் ஆரோக்கியமான பறை முத்துச் சாம்பல் நிறத்தில் பளபளக்கும், கீழ்ப்பக்கம் முக்கோணமாக ஒரு வெளிச்சம் விழும். உள்ளே நீர் இருந்தால் பறை மங்கி, மஞ்சளாகவோ தேன் நிறமாகவோ தெரியும். உள்நோக்கி இழுபட்டிருக்கும், அதனால் பறையோடு ஒட்டியிருக்கும் சுத்தி எலும்பின் முனை துருத்திக்கொண்டு நிற்கும். சில சமயம் நீர்மட்டக் கோடே தெரியும், அல்லது குமிழிகள். குமிழி தெரிந்தால் நான் சந்தோஷப்படுவேன், காற்று திரும்ப உள்ளே வரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இதையும் கடுமையான காதுத் தொற்றையும் ஒன்றாக எண்ணி மருந்து கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. தொற்று என்றால் வலி இருக்கும், காய்ச்சல் இருக்கலாம், பறை வெளிப்பக்கம் புடைத்து நிற்கும். அந்தப் புடைப்புதான் முக்கியமான அடையாளம். சிவப்பை நம்பக் கூடாது. குழந்தை வீறிட்டு அழுதாலே பறை சிவந்துவிடும். உங்கள் பையனுக்கு வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆன்டிபயாட்டிக் எழுதியவர் அழுத காதின் சிவப்பைப் பார்த்திருக்கலாம்.

ஒன்றுமில்லை என்றவரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. வெறும் பார்வைக்கு ஏமாற்றுகிற காதுகள் நிறைய. முன்பு வந்த தொற்றால் பறை தடித்திருந்தால் உள்ளே நீர் இல்லாமலே மங்கலாகத் தெரியும். அறை முழுக்க நீர் நிறைந்திருந்தால் கோடும் இருக்காது, குமிழியும் இருக்காது, பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட சாதாரணமாகவே இருக்கும். அதனால்தான் அசைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். எமில் சீகல் என்ற ஜெர்மன் மருத்துவர் 1864இலேயே அதற்கு ஒரு கருவி செய்துவிட்டார். காதுத் துவாரத்தில் காற்று கசியாமல் பொருத்தி, ஒரு ரப்பர் பல்பை மெல்ல அழுத்த வேண்டும். பின்னால் காற்று இருந்தால் பறை உள்ளே போய், பல்பை விட்டதும் வெளியே வரும். நீர் இருந்தால் சோம்பலாக அசையும், அல்லது அசையவே அசையாது. சீகல் ஸ்பெகுலம் என்ற பெயரில் நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஈஎன்டி படிக்கிற ஒவ்வொருவரும் அதைக் கையில் பிடித்துப் பழகித்தான் வருகிறார்கள். இப்போதைய ஓட்டோஸ்கோப்பிலும் பக்கத்தில் பல்பைச் சொருக ஒரு துளை இருக்கிறது.

மயக்கம் கொடுத்துப் பறையைக் கீறி நேரடியாக நீரைப் பார்த்த முடிவுகளோடு இந்தப் பரிசோதனையை ஒப்பிட்டிருக்கிறார்கள். நீர் இருந்த 100 காதுகளில் 94ஐ இது சரியாகப் பிடித்தது. நீர் இல்லாத 100இல் 80ஐ இல்லை என்று சரியாகச் சொன்னது. ஒரு ரப்பர் பல்புக்கு இது எவ்வளவு பெரிய திறமை! வழிகாட்டிகள் இதையே முதல் பரிசோதனை என்கின்றன. இருந்தும் பல இடங்களில் இதைச் செய்வதில்லை. சரியான அளவு முனை வேண்டும், காற்று கசியக் கூடாது, குழந்தை அரை நிமிடமாவது தலையை ஆட்டாமல் இருக்க வேண்டும், பார்க்கிற கண்ணுக்கும் பழக்கம் வேண்டும். வெளியே 60 பேர் காத்திருக்கும்போது டாக்டருக்குப் பொறுமை இருப்பதில்லை. நீங்கள் உதவலாம். மடியில் பக்கவாட்டில் உட்கார வைத்து, ஒரு கையால் அவன் இரு கைகளையும் அணைத்து, மறு கையால் தலையை உங்கள் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பணிவாகவே கேளுங்கள்: "டாக்டர், பறை அசையுதான்னு ஒரு தடவை பார்த்துச் சொல்றீங்களா?" நல்ல டாக்டர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் படம். அது டிம்பனோகிராம். அதே அசைவைக் கண்ணுக்குப் பதில் இயந்திரம் அளக்கிறது. காதுகளின் ஒலித்தடையை அளந்து மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ மெட்ஸ், 1946இல். நீங்கள் காகிதத்தில் பார்க்கும் ஏ, பி, சி என்ற எழுத்துகளை 1970இல் பரப்பியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஜெர்கர். காதில் ஒரு மென்மையான முனையை வைத்தார்களே, அதற்குள் மூன்று வேலை நடக்கிறது. ஒன்று 226 ஹெர்ட்ஸில் ஒரு ஒலியை அனுப்பும். இன்னொன்று திரும்பி வருவதை அளக்கும். மூன்றாவது காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கும். அழுத்தத்தை மாற்றிக்கொண்டே போகும்போது பறை எந்த இடத்தில் மிக லேசாக ஆடுகிறதோ அங்கே கோடு மேலே எழும். சில நொடிகளில் முடிந்துவிடும், வலி இல்லை.

பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் கோடு எழுந்தால் ஏ, நல்ல காது. எழுவது இடப்பக்கம் தள்ளி, மைனஸ் 100 டெகாபாஸ்கலுக்கும் கீழே போனால் சி. நடுக்காதில் அழுத்தம் குறைந்திருக்கிறது, குழாய் சரியாகத் திறக்கவில்லை, சளி பிடித்த குழந்தைக்கு இது சகஜம். எழவே எழாமல் தட்டையாகப் போனால் பி. உங்கள் பையனுக்கு இரண்டு காதும் பி.

ஆனால் தட்டையான கோட்டைப் பார்த்ததும் நீர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மூலையில் சின்ன எழுத்தில் ஒரு எண் இருக்கிறது பாருங்கள், வலது 0.6, இடது 0.7. யாரும் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள். முனைக்கு முன்னால் இருக்கும் இடத்தின் கொள்ளளவு அது, மில்லிலிட்டரில். இந்த வயதில் அரையிலிருந்து ஒரு மில்லிக்குள் இருந்தால் சரி. கோடு தட்டை, எண்ணும் சரி என்றால் பறை முழுசாக இருக்கிறது, பின்னால் நீர் இருக்கிறது. எண் ஒன்றைத் தாண்டிப் பெரிதாக இருந்தால் பறையில் ஓட்டை, இயந்திரம் நடுக்காதையும் சேர்த்து அளந்துவிட்டது. எண் மிகச் சிறிதாக இருந்தால் குறும்பி அடைத்திருக்கிறது, அல்லது முனை காதுச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. ஒரே தட்டைக் கோட்டுக்கு மூன்று அர்த்தம். அந்தச் சின்ன எண்ணைப் பார்க்காமல் ஆபரேஷன் பற்றிப் பேசவே கூடாது. உங்களுக்கு இது நீர்தான், சந்தேகமில்லை. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் 226 ஹெர்ட்ஸ் போதாது. அவர்கள் காதுச் சுவரே இளசாக ஆடுவதால் நீர் இருந்தும் கோடு எழுந்து ஏமாற்றும். அங்கே 1000 ஹெர்ட்ஸ் வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் நன்றாக மனதில் வையுங்கள். டிம்பனோகிராம் காது கேட்கிறதா என்று பார்க்கும் சோதனை இல்லை. பறை ஆடுகிறதா என்பதோடு அதன் வேலை முடிந்தது. எவ்வளவு கேட்கிறது என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். அதை வயதுக்குத் தகுந்தபடி செய்வார்கள். ஆறு மாதத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரை வயதுவரை, சத்தம் வரும் பக்கம் திரும்பினால் அங்கே ஒரு பொம்மை ஒளிர்ந்து ஆடும்படி பழக்கிப் பார்ப்பார்கள். அதற்கு மேல், சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையை டப்பாவில் போடும் விளையாட்டு. உங்கள் பையன் வயதில் ஹெட்போன் மாட்டி, பெரியவர்களுக்குப் போலவே ஆடியோகிராம் எடுத்துவிடலாம். அதில் காற்று வழியாகக் கேட்பதையும், காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வை வைத்துக் கேட்பதையும் தனித்தனியாக அளப்பார்கள். எலும்பு வழி நன்றாகவும் காற்று வழி குறைவாகவும் இருந்தால் தடை நடுக்காதில்தான், உள்காது நரம்பு நன்றாக இருக்கிறது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறந்த குழந்தைக்குச் செய்யும் ஓஏஈ என்ற காதுப் பரிசோதனையில் 'ரெஃபர்', அதாவது மேலும் சோதிக்க வேண்டும் என்று வந்தால், "காதுல தண்ணி இருக்கும், சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நீர் இருந்தால் அந்தச் சோதனை தோற்கும் என்பது உண்மை. நரம்பில் கோளாறு இருந்தாலும் தோற்கும். இரண்டும் ஒரே காதில் சேர்ந்தும் இருக்கலாம். திரும்பச் சோதித்து, தேவைப்பட்டால் தூங்க வைத்து, கேட்கும் நரம்பைச் சோதிக்கும் பெரா எடுத்து, நரம்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் விட்டால், நீர் வற்றுவதற்காகக் காத்திருந்தே ஒரு குழந்தையின் பேச்சு வரும் காலம் போய்விடும். நீரைக் காரணம் காட்டி நரம்பைப் பார்க்காமல் விடுவதை நான் எங்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள் என்றீர்கள். அது அடினாய்டு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று காட்டும், காதில் நீர் இருக்கிறதா என்று காட்டாது. குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால் எடுக்கலாம். ஸ்கேன் தேவையே இல்லை. பேச்சோடு பேச்சாக உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்: பெரியவர்களுக்கு ஒரு காதில் மட்டும் இப்படி நீர் கோத்து விடாமல் நின்றால், மூக்கின் பின்புறத்தில் கட்டி ஏதும் இல்லை என்று டாக்டர் கட்டாயம் பார்க்க வேண்டும். குழந்தைகளின் கதை வேறு.

சரி, நீர் இருப்பது உறுதி. இனி மிச்சமிருக்கும் பரிசோதனைக்கு இயந்திரம் கிடையாது. மூன்று மாத காலம்தான் அந்தப் பரிசோதனை. காதுத் தொற்றுக்குப் பிறகு தங்கிய நீர் மூன்று மாதத்துக்குள் 100இல் 75 முதல் 90 பேருக்குத் தானாக வற்றிவிடுகிறது. ஆகவே இன்றைக்கு ஒருநாள் எடுத்த படத்தை வைத்து 'நாள்பட்டது' என்று சொல்ல யாராலும் முடியாது. எப்போது தொடங்கியது என்று தெரிந்தால் அன்றிலிருந்து கணக்கு. தெரியாவிட்டால் கண்டுபிடித்த நாளிலிருந்து. நான் முதலில் 'எப்போதிலிருந்து' என்று கேட்டது இதற்குத்தான். உங்களுக்குத் தெரிந்தவரை தீபாவளிக்கு அப்புறம் பிடித்த சளியோடு வந்தது என்கிறீர்கள், அப்படியானால் இப்போது ஒன்றரை மாதம்.

காத்திருக்கும் காலத்தில் மருந்து ஏதாவது தரக் கூடாதா என்று கேட்காத பெற்றோர் இல்லை. ஆன்டிபயாட்டிக், அலர்ஜி மருந்து, மூக்கடைப்பு மாத்திரை எதுவும் இந்த நீரை வற்ற வைப்பதில்லை என்பது திரும்பத் திரும்பப் பார்த்து முடிவான விஷயம். அலர்ஜியே தனியாக இருந்தால் அதற்கு மருந்து கொடுக்கலாம், காதுக்காக வேண்டாம். ஸ்டீராய்டை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 389 குழந்தைகளிடம் சோதித்து 2018இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஒரு வாரம் ஸ்டீராய்டு குடித்தவர்களில் ஐந்தாவது வாரம் 40 சதவீதத்தினருக்குக் கேட்கும் திறன் சரியாகியிருந்தது, மருந்தே இல்லாத போலி மருந்து குடித்தவர்களில் 33 சதவீதம். ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் மூன்றில் ஒருவர் தேறுகிறார் என்பதுதான் அதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மூக்கால் பலூன் ஊதச் சொல்லும் ஒரு பயிற்சி உண்டு. குழாயைத் திறக்க வைப்பதே நோக்கம். இங்கிலாந்தில் 320 பள்ளிக் குழந்தைகளிடம் செய்து 2015இல் வெளிவந்த ஆய்வில் கொஞ்சம் பலன் தெரிந்தது. ஐந்து வயதில் ஒழுங்காக ஊதுவான், ஆடியாலஜிஸ்ட் ஒருவரிடம் கேட்டு முயன்று பார்க்கலாம்.

பாட்டி காய்ச்சிய எண்ணெய் விடலாமா என்று கேட்கச் சொன்னாராம். வேண்டாம் என்று அவர் மனம் நோகாமல் சொல்லுங்கள். பறை மூடியிருப்பதால் எண்ணெய் நீர் இருக்கும் இடத்துக்குப் போகவே போகாது. வெளியில் தங்கி அழுக்கையும் பூஞ்சையையும் சேர்க்கும், அடுத்த தடவை பறையைப் பார்க்கவிடாமல் மறைக்கும். பட்ஸும் அப்படித்தான், குறும்பியை உள்ளே தள்ளத்தான் பயன்படும்.

செய்யக்கூடியது வீட்டிலும் பள்ளியிலும் இருக்கிறது. டைரியில் மிஸ்ஸுக்கு எழுதுங்கள்: இரண்டு காதிலும் நீர் இருக்கிறது, முதல் வரிசையில் உட்கார வையுங்கள், பேசும்போது அவன் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்று. வீட்டில் கூப்பிடுவதற்கு முன் டிவியை நிறுத்துங்கள், பக்கத்தில் போய்ப் பேசுங்கள். கதை படித்துக் காட்டும்போது எதிரே உட்கார வையுங்கள்.

எல்லாக் குழந்தைக்கும் இந்த மூன்று மாதப் பொறுமை பொருந்தாது. அண்ணப் பிளவோடு பிறந்தவர்களுக்குக் குழாயைத் திறக்கும் தசையே சரியாக ஒட்டியிருக்காது, கிட்டத்தட்ட எல்லோருக்கும் நீர் கோக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குக் குழாய் மிகக் குறுகல். ஏற்கனவே பேச்சு தாமதமானவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள், பார்வைக் குறைபாடோ நிரந்தரக் கேட்டல் குறைபாடோ உள்ளவர்கள், இவர்களால் இந்தச் சிறு கேட்டல் குறைவைக்கூடத் தாங்க முடியாது. இவர்களுக்குப் புகார் வரும்வரை காத்திராமல் நாமாகவே போய் டிம்பனோகிராம் எடுக்க வேண்டும். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும், ஆர்பிஎஸ்கே என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, 2013இல் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்தே அண்ணப் பிளவு, டவுன் சிண்ட்ரோம், பிறவிச் செவிட்டுத்தன்மை, நடுக்காது அழற்சி எல்லாவற்றையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் பேத்தி இரண்டரை வயதாகியும் பேசவில்லை என்றீர்களே, அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். மாவட்ட மருத்துவமனையின் ஆரம்ப நிலைத் தலையீட்டு மையத்துக்கு அந்தக் குழு அனுப்பிவைக்கும், பரிசோதனைக்குக் காசு கிடையாது.

மூன்று மாதம் கழித்தும் நீர் நின்றால் ஆடியோகிராம் எடுத்தே ஆக வேண்டும். இரண்டு காதும் குறைந்திருந்து, பள்ளியில் திணறினால், கிரோமெட் வைப்பதைப் பற்றி அப்போது பேசலாம். பறையில் சின்னதாகக் கீறி, நீரை உறிஞ்சி, ஒரு குட்டிக் குழாயைச் சொருகுவார்கள். பெவர்லி ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்க மருத்துவர் 1954இல் அதை மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவந்தார். காற்று வெளியிலிருந்தே நடுக்காதுக்குப் போய்விடும். பெரும்பாலும் ஓராண்டு வாக்கில் தானாக வெளியே வந்துவிடும். நான்கு வயது தாண்டியவன் என்பதால் அடினாய்டையும் சேர்த்து எடுப்பது பற்றி யோசிப்பார்கள். கேட்கும் திறன் நன்றாக இருந்தால் அப்போதும் காத்திருக்கலாம், ஆனால் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பறையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாள்பட்டு உள்ளே இழுபட்டால் பறையில் பள்ளம் விழுந்து, எலும்புகளை அரிக்கும் அளவுக்குப் போகிற சில காதுகள் உண்டு.

பேனா இருக்கிறதா? படத்தின் மேல் இரண்டு தேதி எழுதுங்கள், சளி பிடித்த நாள் ஒன்று, படம் எடுத்த நாள் ஒன்று. இன்னும் ஆறு வாரம் கழித்து ஒரு தேதி வைத்துக்கொண்டு, இதே காகிதத்தோடு போங்கள். அன்றைக்குப் பல்பு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், டிம்பனோகிராம் எடுங்கள், பி இன்னும் பியாகவே இருந்தால் அன்றே ஆடியோகிராமும் எடுத்துவிட்டு வாருங்கள். நடுவில் வலி, காய்ச்சல், சீழ் ஏதாவது வந்தால் மட்டும் அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே போய்விடுங்கள்.